தினக்கூலி வீட்ல துட்டு சேர்க்கறது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில எங்க தெரு மகளிர் குழுவுக்கு பதினோரு வருஷமா கணக்கு நோட்டு எழுதறது நான் தான். திங்கக்கிழமை சாயந்திரம் பணம் கட்ட வர்றவங்க கட்டிட்டு அப்படியே குந்திகினு கேக்கறது எல்லாம் சுத்தி சுத்தி இதே கேள்விங்க தான், அதான் ஒரே இடத்துல எழுதிட்டேன். மாச சம்பளக்காரங்களுக்கு யோசனை சொல்ல ஊருபட்ட பேர் இருக்காங்க, ஒன்னாம் தேதி சம்பளம் வந்ததும் இவ்ளோ ஒதுக்கு அவ்ளோ ஒதுக்குன்னு. ஆட்டோ ஓட்றவங்க, ஹார்பர்ல லோடு ஏத்தறவங்க, மீன் விக்கறவங்க, என்ன மாதிரி தையல் மெஷின் மிதிக்கறவங்க வீட்டுக்கு ஒன்னாம் தேதின்னு ஒண்ணு ஏது? நமக்கு வரவு தினமும் வருது, அதனால எடுத்து வைக்கறதும் தினமும் தான் நடக்கணும். நான் சொல்ல வர்றது முக்கியமா இது ஒண்ணு தான்.

அக்கா, தினமும் வர்றது அன்னன்னிக்கே காலி ஆயிடுது, இதுல எங்க இருந்து எடுத்து வைக்கறது?

எங்க ஆயா காசிமேட்டுல கூடை எடுத்து மீன் வித்தவங்க. முந்தானையில ரெண்டு முடிச்சு இருக்கும். ஒண்ணு பெருசு, மறுநாள் விடிகாலைல ஏலத்துல மீன் எடுக்கறதுக்கான முதலு. இன்னொண்ணு சின்னது, அதுல தான் வீட்டு செலவு. மீன் வித்து முடிச்சு கூடையை கழுவி கவுத்ததும் அங்கயே தரையில குந்தி எண்ணி முதலை முதல்ல முடிஞ்சிடுவாங்க, மீதி தான் வீட்டுக்கு வரும். பேரப்பசங்க நாங்க என்ன அழுதாலும் பெரிய முடிச்சு அவிழாது, ஏன்னா அது அவிழ்ந்தா நாளைக்கு கூடை காலி.

நம்மள்ல நிறைய பேர் இத தலைகீழா பண்றோம், செலவு போக மிச்சம் இருந்தா எடுத்து வைக்கலாம்னு பாக்கறோம், மிச்சம்னு ஒண்ணு எந்த வீட்லயும் இருக்காதும்மா. துட்டு கைக்கு வந்த எடத்துலயே, வீட்டு வாசப்படி மிதிக்கறதுக்கு முன்னாடியே, ஒரு தொகையை தனியா வச்சிடணும். 50 ரூபா முடியும்னா 50, மாசத்துல 26 நாள் வேலைன்னா 1,300 ஆச்சு, வருஷத்துக்கு 15,600. முடியலன்னா 20 ரூபால ஆரம்பிங்க, ஆனா ஒரு நாள் 200 ஒரு வாரம் ஒண்ணுமில்லன்னு போடாதீங்க, நோட்டுல நான் பாத்த வரைக்கும் அப்படி கட்றவங்க தான் பாதியில விட்டுட்டு போறாங்க.

எடுத்து வச்சாலும் வீட்ல இருந்தா கை போயிடுது, எங்க போட்டு வைக்கறது?

அரிசி டப்பால, சீரக டப்பால ஒளிச்சு வச்ச காலம் வேற, இப்போ வீட்ல எல்லாருக்கும் எல்லா டப்பாவும் தெரியும். நான் பண்றது, தினமும் எடுத்து வைக்கறது ஒரு பூட்டு போட்ட உண்டியல்ல, சாவி எங்க அண்ணி வீட்ல. வாரம் ஒரு தடவ தொறந்து குழுவுக்கு கட்டிட்டு மீதிய பேங்க்ல போட்டுடுவேன். அந்த பேங்க் அக்கவுண்ட போன்ல எந்த ஜிபே போன்பேலயும் சேக்கவே இல்ல. வேணும்னே தான் சேக்கல. பேங்க்குக்கு போய் ஸ்லிப் எழுதி வரிசையில நின்னு எடுக்கணும்னா பாதி அவசரம் தானா அடங்கிடும். செலவுக்கு வேற ஒரு அக்கவுண்ட், அதுல அந்த வாரத்து துட்டு மட்டும் இருக்கும்.

மாசாமாசம் கட்டாயமா கட்டணும்னு ஒரு பிடி வேணும்னா போஸ்ட் ஆபீஸ் ஆர்டி (தொடர் வைப்பு) நல்லது. குறைஞ்சது மாசம் 100 ரூபா, அஞ்சு வருஷம். 2023 அக்டோபர்ல இருந்து வட்டி 6.7 சதவீதம், அந்த கணக்குல மாசம் 1,000 கட்டினா 60,000 கட்டின எடத்துல 71,000த்துக்கு மேல கைக்கு வரும். வட்டிய மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தலாம், ஆனா நீங்க ஆரம்பிச்ச அன்னைக்கு என்ன வட்டியோ அது கடைசி வரைக்கும் மாறாது. ஒரு வருஷம் ஒழுங்கா கட்டிட்டா அதுல இருக்கறதுல பாதி வரைக்கும் லோன் எடுக்கலாம், அதனால அவசரம்னா மொத்தத்தையும் உடைக்க வேண்டாம். ஏஜென்ட் மூலமா கட்றவங்க மாசாமாசம் பாஸ்புக்குல என்ட்ரி விழுந்துச்சான்னு கண்ணால பாருங்க, கேக்க கூச்சப்படாதீங்க.

பத்து வயசுக்குள்ள பொண்ணு இருந்தா செல்வமகள் திட்டம், வருஷத்துக்கு 250 ரூபா இருந்தா போதும், 2024ல இருந்து 8.2 சதவீதம், போஸ்ட் ஆபீஸ்ல சின்ன தொகைக்கு இத விட நல்ல வட்டி கெடையாது.

தண்டல் (தினமும் வசூல் பண்ற வட்டிக் கடன்) வாங்கறது தப்பா? அவசரத்துக்கு வேற யாரு தர்றாங்க?

தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வராது, நானும் வாங்கினவ தான். ராத்திரி பத்து மணிக்கு புள்ளைக்கு ஜுரம்னா எந்த பேங்க் கதவு தொறந்திருக்கும். ஆனா அது எவ்ளோ விலைன்னு தெரிஞ்சு வாங்கணும், நம்ம ஏரியால நிறைய பேருக்கு அது தெரியல.

10,000 ரூபா தண்டல்னா கைக்கு வர்றது 9,000, பிடிச்சது 1,000. தினமும் 100 வீதம் நூறு நாள். கேட்டா "பத்து பர்சன்ட் தானே"ன்னு சொல்வாங்க. இல்லம்மா. அந்த 9,000 நூறு நாளும் உங்க கையில இல்லயே, முதல் நாள்ல இருந்தே திருப்பி குடுத்துகினு வர்றீங்க, அம்பதாவது நாள்ல பாதிக்கு மேல குடுத்து முடிச்சிருப்பீங்க. சராசரியா பாத்தா நூறு நாளும் உங்க கையில இருந்தது ஏறக்குறைய 4,500 தான். 4,500 ரூபாவுக்கு நூறு நாளைக்கு 1,000 வட்டி, வருஷத்துக்கு கணக்கு போட்டா நூத்துக்கு எண்பது ரூபா கிட்ட வருது. சிலர் 8,500 தான் கையில குடுக்கறாங்க, அது இன்னும் மோசம். அடகு கடையில ரெண்டு ரூபா வட்டின்னா கூட வருஷத்துக்கு 24 தான், பேங்க்ல நகை வச்சா ஒன்பது பத்து சதவீதம் பக்கத்துல முடிஞ்சிடும்.

இதுல எனக்கு வயிறு எரியறது என்னன்னா, தண்டல் கட்ற பொம்பளைங்க ஒரு நாள் கூட தவற விடறதில்ல. மழை பெஞ்சாலும் சரி வேலை இல்லன்னாலும் சரி அந்த 100 ரூபா எப்படியாவது பொறந்துடுது, தண்டல்காரர் வண்டி சத்தம் கேட்டதும் அட்டையும் துட்டும் ரெடியா இருக்கும். அப்போ தினமும் 100 ரூபா எடுத்து வைக்க முடியாதுன்னு சொல்றது எப்படி?

நான் வெளிய வந்தது இப்படி தான். நூறாவது நாள் கட்டி முடிச்சதும் அடுத்த தண்டல் வாங்கல, நூத்தி ஒன்னாவது நாளும் அதே நேரத்துக்கு 100 ரூபா எடுத்தேன், உண்டியல்ல போட்டேன். எம் பொண்ணோட ரூல் நோட்டுல இருந்து ஒரு அட்டைய கிழிச்சு நூறு கட்டம் போட்டு, போடற அன்னைக்கு ஒரு டிக். நடுவுல சில நாள் விட்டுப் போனாலும் கடைசியில 9,000 சேந்துச்சு, தண்டல்காரர் குடுக்கற அதே 9,000, பிடித்தம் இல்லாம. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்கு அவசரம்னா அதுல இருந்து எடுப்பேன், எடுத்தா மறுநாள்ல இருந்து 100 வீதம் திருப்பி போட்டே ஆகணும். இதுக்கு நடுவுல நாலு மாசம் நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு, அத மறைக்க மாட்டேன்.

இப்போ மாட்டிக்கினு இருக்கறவங்க குழு லோன் கேளுங்க, எங்க குழுவுல நூத்துக்கு மாசம் ஒரு ரூபா. தள்ளுவண்டி, பூக்கடை, தெருவுல வியாபாரம் பண்றவங்களுக்கு 2020ல இருந்து மத்திய அரசோட ஸ்வநிதி லோன் இருக்கு, அடமானம் ஒண்ணும் வேணாம், ஆரம்பத்துல முதல் லோன் 10,000, இப்போ 15,000, ஒழுங்கா கட்டினா அடுத்தது பெருசா தருவாங்க. மாநகராட்சி குடுக்கற வியாபாரி அடையாள அட்டை கையில வச்சுக்கோங்க. ஒரு தண்டல அடைக்க இன்னொரு தண்டல் மட்டும் வேணாம், போன் ஆப்ல வர்ற லோனும் வேணாம்.

சீட்டு போடலாமா அக்கா?

பதிவு பண்ண சீட்டா இருந்தா போடலாம். 1982ல வந்த சிட்ஃபண்ட் சட்டப்படி சீட்டு நடத்தறவங்க ஒவ்வொரு சீட்டையும் பதிவு பண்ணணும், கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல எடுக்கக் கூடாது. தெருவுல நடக்கற ஏலச்சீட்டு, தீபாவளி சீட்டு பெரும்பாலும் இப்படி பதிவு பண்ணாதது தான். எனக்கே போயிருக்கு, பக்கத்து தெருவுல ஒருத்தங்க கிட்ட பன்னெண்டு மாசம் கட்டின தீபாவளி சீட்டு, ஸ்வீட்டும் வரல வெள்ளிக்காசும் வரல, ஒரு நாள் காலைல வீடு பூட்டி இருந்துச்சு. தெரிஞ்சவங்க தானேன்னு நோட்டுல கையெழுத்து கூட வாங்கல நான். எங்க அம்மா ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க, அளக்காம போட்டேன்.

தெரிஞ்சவங்க சீட்டு தான் போடுவேன்னா, போனா தாங்கற தொகைக்கு மட்டும் போடுங்க, மாசாமாசம் எழுதி வாங்குங்க, கடைசி வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே எடுத்துடுங்க.

கரண்ட் பில்லு ஏன் திடீர்னு ஏறுது? என்ன பண்ணா குறையும்?

வீட்டு கனெக்‌ஷனுக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு எல்லாருக்கும் தெரியும். 500 தாண்டினா என்ன ஆகும்னு தெரியாது. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்ட வச்சு சொல்றேன், இப்போ ரேட் கொஞ்சம் ஏறிருக்கு, கணக்கு முறை அதே தான். 500 யூனிட் ஓடினா பில்லு 1,725. 501 ஓடினா 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபா. ஏன்னா 500க்குள்ள இருக்கறவங்களுக்கு 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட் 2.25, தாண்டிட்டா அதே நூறு யூனிட்டும் 4.50 ஆயிடுது, 500க்கு மேல ஓடறது 600 வரைக்கும் யூனிட் 8 ரூபா.

அதனால கணக்கு எடுக்க வர்றதுக்கு பத்து நாள் முன்னாடி மீட்டர பாருங்க. போன பில்லுல இருக்கற ரீடிங்க கழிச்சா எவ்ளோ ஓடிருக்குன்னு தெரிஞ்சிடும். 440, 450ல இருந்தா அந்த பத்து நாள் இழுத்து பிடிங்க, அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், தேவையில்லாத ரூம்ல ஓடற ஃபேன் எல்லாம்.

நிரந்தரமா குறையணும்னா ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம். நம்ம ஊரு புழுக்கத்துக்கு ஒரு ஃபேன் தினமும் 15 மணி நேரம் சும்மா ஓடும், ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம், ரெண்டு ஃபேன் மாத்தினா 80. 540 ஓடற வீடு 460க்கு வந்துடும், பில்லு 2,270ல இருந்து 1,485. ரெண்டு ஃபேனும் சேந்து அஞ்சாயிரத்து சொச்சம் ஆகும், ஒன்னேகால் வருஷத்துல அந்த துட்டு வந்துடுது. ஏசி இருந்தா 24ல வச்சுட்டு கூட ஃபேன போடுங்க.

வாடகை வீட்ல ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபா பத்து ரூபான்னு வாங்கறாங்கன்னா உங்களுக்கு இந்த ஸ்லாப் (இத்தனை யூனிட் வரைக்கும் இந்த ரேட்டுங்கற) கணக்கு எதுவும் பொருந்தாது, ஒவ்வொரு யூனிட்டும் முழு விலை, அப்போ ஃபேன் மாத்தறது இன்னும் சீக்கிரம் லாபம். வீடு மாறும்போது தனி ஈபி மீட்டர் இருக்கான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க. 300 ரூபா வாடகை ஜாஸ்தின்னாலும் தனி மீட்டர் வீடு தான் கட்டுப்படியாகும், எங்க வீட்டு அனுபவம் இது.

மளிகை மொத்தமா வாங்க கையில துட்டு இல்லயே, தினமும் தானே வாங்க வேண்டி இருக்கு?

இது தான் தினக்கூலி வீட்டோட பெரிய ஓட்டை. எண்ணெய் சின்ன பாக்கெட், பருப்பு கால் கிலோ, மொளகா தூள் அஞ்சு ரூபா பாக்கெட்னு தினமும் வாங்கினா அதே பொருளுக்கு நாம தான் ஜாஸ்தி குடுக்கறோம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மொத்தமா வாங்க வேணாம், ஒரு வாரம் ஒரு பொருள்னு மாத்துங்க. இந்த வாரம் ஒரு கிலோ பருப்பு, அடுத்த வாரம் மொளகா மல்லி வாங்கி காயவச்சு மில்லுல அரைக்கறது, அதுக்கடுத்த வாரம் எண்ணெய். ரெண்டு மாசத்துல தினசரி வாங்கறது பால், காய் மட்டும்னு ஆயிடும். ஷாம்பூ மட்டும் விதிவிலக்கு, நிறைய பிராண்டுல பாட்டில விட சாஷே தான் விலை கம்மி, பின்னாடி எம்எல் பாத்து வகுத்து பாருங்க.

ரேஷன்ல அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வரிசைக்கு சோம்பல் பட்டுட்டு வெளிய அதே பருப்ப நாலு மடங்கு விலைக்கு வாங்கறத பாத்தா எனக்கு ஆத்தாமையா இருக்கும். அரிசி வாசனை பிடிக்கலன்னா இட்லிக்கு போடுங்க, அருமையா வரும்.

மீன் இல்லாம எங்க வீட்ல சோறு எறங்காது, அதை எப்படி குறைக்கறது?

குறைக்கவே வேணாம். நாளும் மீனும் மாத்துங்க, போதும். ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு மொத்த மெட்ராஸும் வந்து நிக்கும், அன்னைக்கு விலை கேட்டா தலை சுத்தும். செவ்வா, புதன்ல போங்க. வஞ்சிரமும் வவ்வாலும் விருந்துக்கு, தினப்படிக்கு கவலை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கெளுத்தி. கவலை மீன் குழம்பு மறுநாள் காலைல பழைய சோத்துக்கு இருக்கற ருசி வஞ்சிரத்துக்கு வராது, இத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். வீட்லயே ஆய்ஞ்சா வெட்டுகூலியும் மிச்சம்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு போகாது, விலை ஏறிடும். மார்ச் மாசமே நெத்திலி கருவாடு வாங்கி ஒரு வெயில் காட்டி டப்பால போட்டு வச்சிடுங்க.

பஸ், ஆட்டோ செலவு?

பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து சாதா கட்டண பஸ்ல டிக்கெட் இல்ல. பத்து நிமிஷம் முன்னாடி கெளம்பினா போதும், ஷேர் ஆட்டோவுக்கு போக 20 ரூபா, வர 20 ரூபான்னு குடுக்கறது மாசத்துக்கு ஆயிரம் ரூபா. ஆம்பளைங்க தினமும் ரெண்டு மூணு பஸ் மாறினா 1,000 ரூபா மாச பாஸ் எடுத்துடட்டும். எண்ணூர், திருவொற்றியூர்ல இருந்து சென்ட்ரல் போறவங்களுக்கு கும்மிடிப்பூண்டி லைன் லோக்கல் ட்ரெயின விட சல்லிசா ஒண்ணு கெடையாது, சீசன் டிக்கெட் எடுத்துட்டா இன்னும் கம்மி.

வெளிய சாப்பிடற நாஸ்டா, டீ எல்லாம் நிறுத்தணுமா?

வேலை செய்யற ஒடம்புக்கு டீ வேணும், அத நிறுத்த சொல்ல மாட்டேன். டீயோட சேத்து வர்ற வடை, பஜ்ஜி, சிகரெட்ட பாருங்க, ஸ்கேன் பண்ணி குடுக்கறதால எவ்ளோ போச்சுன்னே தெரியல. காலைல ரெண்டு பத்து ரூபா நோட்டு பாக்கெட்ல வச்சுகினு போனை எடுக்காம ஒரு வாரம் இருந்து பாருங்க. சமைக்க முடியாத நாளுக்கு அம்மா உணவகம் இருக்கு, 2013ல ஆரம்பிச்சதுல இருந்து இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு ரூபா, நானும் எத்தனையோ நாள் எங்க குழு பொம்பளைங்களோட நின்னு சாப்பிட்டிருக்கேன்.

சேத்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போயிடுது, என்ன பண்றது?

ரேஷன் கார்டு இருந்து குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீடு அட்டை எடுத்துடுங்க, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். நோவு வந்தப்புறம் வருமான சர்டிஃபிகேட்டுக்கு அலையாதீங்க, நல்லா இருக்கும்போதே எடுத்து வைங்க. எங்க வீட்டுக்காரருக்கு கைல அடிபட்டப்போ முதல்ல பக்கத்துல ஒரு தனியார் எடத்துக்கு தான் ஓடினோம், கட்டு போடவே 14,000 கேட்டாங்க, அப்புறம் ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு தூக்கிகினு போனோம், கை ஆபரேஷனுக்கு பேர் போன எடம் நம்ம ஏரியாலயே இருக்கு, அன்னைக்கு தான் எனக்கு அது ஒறச்சது.

சுகர், பிபி மாத்திரை தனியா காசு குடுத்து வாங்கறவங்க மக்களைத் தேடி மருத்துவத்துல பேர் குடுங்க, வீட்டுக்கே வந்து குடுக்கறாங்க. மத்த மாத்திரைக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ரெண்டும் இருக்கு, டாக்டர் சீட்டுல இருக்கற மருந்து பேர காட்டி அதே மருந்து இருக்கான்னு கேளுங்க, விலைய பாத்தா உங்களுக்கே ஆச்சரியமா இருக்கும்.

எவ்ளோ சேந்தா போதும்னு கணக்கு?

முதல் கணக்கு பத்து நாள் வீட்டு செலவு. நம்ம வீட்டுக்கு தினமும் 400 ஆகுதுன்னா 4,000. ஏன் பத்து நாள்னா, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, ஒரு வாரத்துக்கு மேல யாருக்கும் வேலை இல்ல, எண்ணூர் பக்கம் ஆயில் கலந்து மீன்காரங்களுக்கு அதுக்கப்புறமும் பொழப்பு இல்ல. பால் பாக்கெட் வாங்க துட்டு இல்லாம நின்ன வீட்டையும் பாத்தேன், குழுவுல போட்டு வச்சத எடுத்து சமாளிச்ச வீட்டையும் பாத்தேன், ரெண்டு வீட்டுக்கும் வருமானம் ஒண்ணு தான். இது சேந்தப்புறம் ஜூன் மாச ஸ்கூல் ஃபீஸ், அதுக்கப்புறம் வீட்டு அட்வான்ஸ். நகை எல்லாம் அதுக்கப்புறம் தான், செய்கூலி சேதாரம்னு வாங்கற அன்னைக்கே ஒரு பங்கு போயிடுது.

நடுவுல விட்டுப் போச்சுன்னா?

விட்டது விட்டது தான், மறுநாள் ரெண்டு மடங்கு போடணும்னு நெனைக்காதீங்க, அது முடியாம போயி மொத்தமா நின்னுடும். என் முதல் அட்டைய இன்னும் கணக்கு நோட்டுக்குள்ள வச்சிருக்கேன், கேக்கறவங்களுக்கு எடுத்து காட்டுவேன். நூறு கட்டத்துல பதினேழு கட்டம் காலி, அதுல தொடர்ந்து ஒன்பது நாள் காலி, வீட்டுக்காரர் கை அடிபட்ட வாரம் அது. பத்தாவது நாள் கட்டத்துல டிக் இருக்கு, பக்கத்துல பென்சில்ல 10 ரூபான்னு எழுதிருக்கேன்.